செபி சொன்னால் முடிந்ததா?

பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி ஓர் உத்தரவு போட்டுவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்று நினைப்பவர்கள் பலர். அப்பீல் உண்டு. அதைக் கேட்க மும்பையில் தனியாக ஒரு தீர்ப்பாயமே இருக்கிறது. ‘சாட்’ என்றால் தரகர்கள் எல்லோருக்கும் தெரியும்.

தொண்ணூறுகளில் நிலைமை வேறு. செபியின் பல உத்தரவுகள் மீதான அப்பீலை மத்திய நிதியமைச்சகமே விசாரித்தது. அந்தக் காலத்து வழக்கு ஒன்று இன்றைக்கும் வக்கீல்கள் வாயில் அடிபடுகிறது.

1996 மார்ச். இந்துஸ்தான் லீவர் நிறுவனம் யூனிட் டிரஸ்டிடம் புரூக் பாண்ட் லிப்டன் பங்குகள் 8 லட்சத்தை வாங்கியது. பங்கு ஒன்று 350 ரூபாய் 35 காசு. அடுத்த மாதமே இரு கம்பெனிகளும் இணையப்போகும் அறிவிப்பு! இரண்டும் யூனிலீவர் வீட்டுப் பிள்ளைகள். வாங்கியவருக்கு விஷயம் தெரியாமலா இருக்கும்? உள்தகவலை வைத்து நடந்த வியாபாரம் என்றது செபி. யூனிட் டிரஸ்டுக்குச் சுமார் 3 கோடி ரூபாய் இழப்பீடு தரும்படி 1998 மார்ச்சில் உத்தரவிட்டது.

லீவர் அப்பீலுக்குப் போனது. இணைப்பைப் பற்றிப் பத்திரிகைகள் முன்பே எழுதிவிட்டன, ஊருக்கே தெரிந்தது எப்படி ரகசியமாகும் என்பது அதன் வாதம். கெட்டிக்கார வாதம்தான், எடுபடவும் செய்தது. லீவர் உள்விவரம் அறிந்த தரப்பு என்பதை ஏற்ற மேல்முறையீட்டு அதிகாரி, அந்தச் செய்தியை மட்டும் ரகசியமாகக் கருதவில்லை. இழப்பீடு விதிக்கச் செபிக்கு அதிகாரம் இல்லை என்றும் சொன்னார். ஜூலையில் உத்தரவு ரத்து.

செபி சும்மா இருக்கவில்லை, நேயர்களே. 2002-ல் விதியைத் திருத்தி, ஊடகங்களின் யூகச் செய்தி ‘வெளியான தகவல்’ ஆகாது என்று எழுதியே வைத்துவிட்டது.

இன்று சாட்டைத் தாண்டினால் உச்ச நீதிமன்றம்தான். அங்கே சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே போகலாம். கெடு 60 நாள். முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டிய சகாரா குழுமம் அந்த எல்லை வரை போய்ப் பார்த்தது. 2011-ல் செபியின் உத்தரவை சாட் உறுதி செய்தது; 2012 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றமும் முதலீட்டாளர் பணத்தை 15 சதவீத வட்டியோடு திருப்பச் சொல்லிவிட்டது.

நேரம் நெருங்குகிறது. அப்பீல் போட்டதாலேயே உத்தரவு நின்றுவிடாது. இடைக்காலத் தடையைக் கேட்டு வாங்க வேண்டும். சாட்டுக்குப் போகச் சாதாரண முதலீட்டாளருக்கும் வழி உண்டு. பாதிக்கப்பட்டவர் யாராயினும் உத்தரவு கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே குறித்துக்கொள்வார் என்று நம்புவோம். 45 நாள் கெடு அன்றைக்கே ஓடத் தொடங்கிவிடுகிறது.