காருக்கு அடியில் கை வைக்கும் முன்



வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்சக்கரப் பக்கம் 'டொக் டொக்' என்று கேட்டால், லோயர் ஆர்ம் புஷ்ஷோ பால் ஜாயின்டோ தேய்ந்திருக்கலாம். தள்ளிப்போடாதீர்கள், பால் ஜாயின்ட் கழன்றால் ஓட்டத்திலேயே சக்கரம் மடங்கிவிடும்.

மாருதி 800, ஆல்ட்டோ வைத்திருக்கும் சிலர் வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்கிறார்கள். செய்யுங்கள், ஆனால் மூன்றை மறக்காதீர்கள்.

ஒன்று, நம் ஊர்ச் செம்மண்ணில் ஜாக்கி புதைந்து சாயும். சிமெண்ட் தரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

இரண்டு, ஷாக் அப்சார்பர் உச்சியிலுள்ள நடு நட்டைத் தொடாதீர்கள். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிரே போகும். அது பட்டறை வேலை.

மூன்று, வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பாருங்கள். இல்லையென்றால் டயர் ஒருபக்கமாகத் தேயும்.

மிச்சமாகும் கூலியைவிட உங்கள் உயிர் பெரிது.