யார் போட்ட ஒயர்?

(கோவை பட்டறைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

சென்ற மழைக்காலத்தில் ஒரு லேத் பட்டறைக்குச் சங்கத்தின் சார்பில் நாங்கள் போனோம். முதல்நாள்தான் அங்கே ஓர் இளம் தோழர் மிஷினில் கை வைத்தபடியே மின்சாரம் தாக்கி மாண்டிருந்தார். "அவன் போட்ட ஒயர், அவனையே கொன்றது. நான் என்ன செய்ய?" என்றார் முதலாளி.

அந்த மிஷினைப் பார்த்தோம். பெல்ட்டில் ஓடிய பழைய லேத். பிற்பாடு மோட்டார் பொருத்தியது. ஒயர் நுழையும் துளையில் தகரம் உரசி உறை தேய்ந்திருந்தது. எர்த் கம்பியே இல்லை. பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். 5 குதிரைசக்தி மோட்டார் சுமார் 7 ஆம்பியர் இழுக்கிறது. மனிதனின் இருதயத்தை நிறுத்த ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். ஆகவே பியூஸ் மட்டும் நம்மைக் காக்காது. எர்த் சரியாக இருந்தால், மிஷினில் ஏறிய மின்சாரம் அதன் வழியே பாயும். சரியான பியூஸ் உடனே எரிந்துவிடும். தடித்த கம்பியோ எரியாது. மோட்டாரின் இரும்பு உடலுக்குத் தனித்தனியே இரண்டு எர்த் வேண்டுமென்று 1956ஆம் வருட மின்சார விதிகளே கூறின. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சு இன்று கடையில் கிடைக்கிறது. ஓர் உயிரைவிட அதன் விலை பெரிதா?

மின்சாரத்தால் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்றது 1948ஆம் வருடச் சட்டம். 2020இல் இயற்றிய தொகுப்புச் சட்டம் அதை 20 ஆக்கிவிட்டது! மின்சாரம் ஆளை எண்ணிப் பார்த்தா அடிக்கிறது?

ஒயரை இழுத்தது அந்தத் தோழரின் கைதான். ஆனால் எலெக்ட்ரீஷியன் கூலியை மிச்சம்பிடிக்க அவரை ஏவியது யார்? மிச்சமான பணம் யார் பெட்டிக்குப் போயிற்று?

நம்மிடமும் குறை உண்டு. "நமக்குத் தெரியாத ஒயரா!" என்கிற வீம்பு பட்டறையிலும் இருக்கிறது, கிணற்று மோட்டார்க் கொட்டகையிலும் இருக்கிறது. அதை விட்டொழிப்போம்.

லைசென்சு பெற்றவர் தவிர வேறு யாரும் ஒயரில் கை வைக்கக்கூடாது. மெயினை நிறுத்தி, பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொண்டே பழுது பார்க்க வேண்டும். தொட்டால் சுர்ரென்கிற மிஷினை ஓட்ட எல்லோரும் சேர்ந்து மறுப்போம். தனியாள் மறுத்தால் வேலை போகும். சங்கமாக மறுத்தால் எர்த் வரும்.

அந்தக் குடும்பத்தின் நஷ்டஈட்டுக்குச் சங்கம் போராடுகிறது. பணம் வரும், ஆள் வரமாட்டார். அடுத்த ஆளைக் காப்பது நம் கையில் இருக்கிறது, தோழர்களே!