சொல்லாமல் விட்ட சொல்

கூட்டாளி தரும் அரைகுறைத் துப்பை வைத்து, அவர் மனத்தில் இருப்பதை எப்படிப் பிடிப்பது? இந்தத் திறமைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1961 அக்டோபரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘பாஸ்வேர்ட்’ என்ற சொல் விளையாட்டு தொடங்கியது. உருவாக்கியவர் பாப் ஸ்டூவர்ட், நடத்தியவர் ஆலன் லட்டன். அணிக்கு இருவர். ஒருவருக்கு மட்டும் விடை தெரியும். அவர் ஒரே ஒரு சொல்லைத் துப்பாகத் தர, மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். முதல் துப்பிலேயே பிடித்தால் 10 புள்ளி. தவறினால் அதே சொல் எதிரணிக்குப் போகும், ஒரு புள்ளி குறையும்.

எதிரணியின் துப்பு நம் காதிலும் விழும் என்பதில்தான் சுவாரசியம். அவர்கள் ‘விஷம்’ என்றார்கள், ‘பாம்பு’ என்ற விடை தவறாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நம் ஆள் ‘வால்’ என்கிறார். தனியாகக் கேட்டால் குரங்கு நினைவுக்கு வரும். ஆனால் நடந்ததெல்லாம் அவருக்கும் தெரியும், அது நமக்கும் தெரியும். அப்படியானால் விடை தேள்.

மொழி இப்படி வேலை செய்வதை 1967இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் விளக்கினார் தத்துவ அறிஞர் பால் கிரைஸ். அவர் காட்டிய உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. தத்துவத் துறை வேலைக்கு ஒரு மாணவனைப் பரிந்துரைக்கும் ஆசிரியர், அவனுடைய ஆங்கிலம் அருமை, வகுப்புக்கு ஒழுங்காக வருவான் என்று மட்டும் எழுதுகிறார். தத்துவம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவனுக்குத் தத்துவம் வராது என்று படிப்பவருக்குப் புரிந்துவிடுகிறது. ஒருவர் சொன்னதோடு, சொல்லியிருக்கக்கூடியதையும் சேர்த்தே நாம் பொருள் கொள்கிறோம்.

இதையே முழு விளையாட்டாக மாற்றியவர் செக் நாட்டு வடிவமைப்பாளர் விளாடா குவாட்டில். அவருடைய ‘கோட்நேம்ஸ்’ 2015இல் வந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் ‘ஆண்டின் சிறந்த விளையாட்டு’ விருதை வாங்கியது. மேசையில் 25 சொற்கள். தொடங்கும் அணிக்கு 9, மற்ற அணிக்கு 8, யாருக்கும் சேராதவை 7. மீதி ஒன்று கொலையாளி. அதைத் தொட்டால் அந்த அணி அங்கேயே தோற்றது. எது எது என்பது இரு அணித் தலைவர்களுக்கு மட்டுமே தெரியும். தலைவர் தரக்கூடியது ஒரு சொல்லும், அது தம் அணியின் எத்தனை சொற்களைக் குறிக்கிறது என்ற ஓர் எண்ணும்தான். முகம் சுளிக்கவோ கண் காட்டவோ கூடாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். மேசையில் உப்பு, மீன், அலை மூன்றும் இருக்கின்றன. தலைவர் சொல்கிறார்: “கடல், இரண்டு.” மூன்றுமே கடலோடு பொருந்துகின்றன. எதைத் தொடுவது?

நல்ல ஆட்டக்காரர் இங்கே சொல்லப்படாத துப்பைத் தேடுவார். உப்பும் மீனும்தான் நம்முடையவை என்றால் தலைவர் ‘கருவாடு’ என்றிருப்பாரே! அதைச் சொல்லவில்லை. ஆகவே அந்த ஜோடி இல்லை. இரண்டில் ஒன்று அலையாகத்தான் இருக்க வேண்டும். முதலில் அலையைத் தொடலாம். உப்பா மீனா என்பது இன்னும் திறந்தே இருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ள விதி இடம் தருகிறது. விட்டுப்போனதைப் பின்னால் எடுக்கவும் வழி உண்டு: ஒவ்வொரு சுற்றிலும் சொன்ன எண்ணைவிட ஒன்று கூடுதலாகத் தொடலாம்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் அந்தத் தலைவருக்குக் கருவாடு தோன்றியிருக்கும் என்பதை நம்பித்தான் நிற்கிறது. கடலோரத்தில் வளர்ந்தவருக்கு உடனே தோன்றும். கருவாடு நுழையாத வீட்டில் வளர்ந்தவருக்குத் தோன்றாமலே போகலாம். துப்புத் தருபவர் யார் என்பதும் துப்பில் ஒரு பகுதி. அகராதியை முழுக்க மனப்பாடம் செய்தவரைவிட, கூட்டாளியோடு நெடுநாள் பழகியவர் இதில் முந்துவார் என்பது என் உறுதியான எண்ணம்.

சொல்லாமல் விடுவதன் வலிமையை விதியாகவே எழுதிவைத்திருக்கிறார் குவாட்டில். துப்போடு சுழியம் என்ற எண்ணையும் சொல்லலாம். கொலையாளி ‘திமிங்கலம்’ என்றால், தலைவர் “கடல், சுழியம்” என்பார். கடலோடு சேர்ந்த எதுவும் நம்முடையதல்ல, தொடாதே என்று பொருள். அதைக் கேட்டபின் அணியினர் எத்தனை சொற்களை வேண்டுமானாலும் தொடலாம். ஆனால் ஒன்றையாவது தொட்டே ஆக வேண்டும்.