கடன் வாங்கும்போது கூட்டம், விற்கும்போது தனிமரமா?

(நமது ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், தொழில் செய்யும் உறுப்பினர்கள் சார்பில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தரப்பட்டுள்ளது.)



தொழில் செய்கிற பெண்கள் ஒருவருக்கொருவர் எப்படித் துணையாக இருப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் மசாலாப் பொடி அரைத்து விற்கிறவள். எனக்குத் தெரிந்ததைத்தான் பேசுவேன்.

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு 1989ல் தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தது. 1997ல் மகளிர் திட்டம் வந்த பிறகு ஊர் ஊராகப் பரவியது. அப்போ நம்ம அம்மாமார்கள் கற்றுக்கொண்ட முதல் பாடம் என்ன? தனியாகப் போனால் வங்கி வாசலில் வாட்ச்மேனே நிறுத்திடுவார். பன்னிரண்டு பேராகப் போனால் மேலாளர் நாற்காலி போடச் சொல்வார். (மேலாளர் சார் சிரிக்கிறார், உண்மைதானே சார்?) சேமிப்பில் ஒன்றாக இருக்கிறோம். கடன் வாங்குவதில் ஒன்றாக இருக்கிறோம். ஒருத்தி தவணை கட்ட முடியாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்டுகிறோம்.

ஆனால் அந்தக் கடனை வைத்து ஒரு தொழிலை ஆரம்பித்தவுடனே நாம் தனித்தனி ஆள் ஆகிவிடுகிறோம். சரக்கு வாங்குவது தனியாக. பஸ்ஸில் மூட்டை ஏற்றுவது தனியாக. கடைக்காரரிடம் பேரம் பேசுவது தனியாக. பணம் வராவிட்டால் அழுவதும் தனியாக. கடனைக் கட்டுவதற்குக் கூட்டம் இருக்கிறது; கடன் கட்டுகிற அளவுக்குச் சம்பாதிப்பதற்குக் கூட்டம் இல்லை. இதைத்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

முதலில் நமக்குள் நடக்கிற விலைப் போட்டியைச் சொல்கிறேன். நம்ம கூட்டமைப்பிலேயே குழம்பு மிளகாய்த் தூள் போடுகிறவர்கள் ஒன்பது பேர் இருக்கிறோம். ஒரு கடைக்காரர் என்ன செய்கிறார்? "அந்தக் குழு அக்கா 330க்குத் தருது, நீ 320க்குத் தா" என்கிறார். நாமும் கொடுத்துவிடுகிறோம். அடுத்த வாரம் அந்த அக்காவிடம் போய், "320க்கு எனக்கு வருது, நீ 310க்குத் தா" என்கிறார். அவர் மேல் தப்பில்லை, அவர் வியாபாரி. நாம் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளாததுதான் அவருக்கு வசதி.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு கிலோ தூளுக்கு வத்தல், மல்லி, மஞ்சள், மற்ற சாமான் எல்லாம் சேர்த்து 240 ரூபாய். வறுக்கிற கேஸ், அரைவைக் கூலி 30. பை, லேபிள் 15. பஸ், ஆட்டோ 15. ஆக 300 ஆச்சு. 320க்கு விற்றால் 20 ரூபாய் லாபம் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வருகிறோம். இருபது கிலோ தூள் போட, காயவைத்து, காம்பு கிள்ளி, வறுத்து, சலித்து, பை போட இரண்டு நாள் ஆகிறது. நம்ம கூலியை நாளைக்கு 400 ரூபாய் என்று வைத்தால் இரண்டு நாளைக்கு 800, கிலோவுக்கு 40. அப்போ அடக்கவிலையே 340. 320க்கு விற்றவளுக்கு லாபம் இல்லை அக்கா, அவள் கூலியில் பாதியைக் கடைக்காரருக்கு இனாமாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இந்தக் கணக்கை ஒன்பது பேரும் உட்கார்ந்து போட்டோம். யாரும் இந்த விலைக்குக் கீழே இறங்குவதில்லை என்று பேசிக்கொண்டோம். இரண்டு கடை விட்டுப் போனது. மற்றவர்கள் வாங்கத்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது, சேர்ந்து வாங்குவது. மாசி, பங்குனியில் பரமக்குடி, கமுதிப் பக்கம் வத்தல் வரத்து நல்லா இருக்கும். அப்போ விலை இறங்கும். அந்த நேரத்தில் நம்மிடம் பணம் இருக்காது. பணம் வருகிற நேரத்தில் விலை ஏறியிருக்கும். போன வருசம் கூட்டமைப்பிலிருந்து குறுகிய காலக் கடன் வாங்கி, ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரே வண்டியில் ஏற்றினோம். வண்டி வாடகை போக, மதுரை கீழமாசி வீதியில் வாங்குகிற விலையை விடக் கிலோவுக்கு 18 ரூபாய் மிச்சம். வத்தலை நன்றாகக் காயவைத்து, ஈரம் ஏறாத இடத்தில் வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து மிச்சம் எல்லாம் போய்விடும். அதற்கு ஒரு அக்கா வீட்டு மாடி அறையை வாடகைக்கு எடுத்தோம். சும்மா கேட்கவில்லை, வாடகை கொடுத்துத்தான் எடுத்தோம். உறவு கெடாமல் இருக்க அதுதான் வழி.

மூன்றாவது, ஒரே தரம். லிஜ்ஜத் அப்பளம் எல்லோருக்கும் தெரியும். 1959ல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் ஆரம்பித்தது. முதல் நாள் போட்டது நாலே பாக்கெட். இன்றைக்கு நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பெண்கள் அதில் இருக்கிறார்கள். அவர்கள் முறையைக் கவனியுங்கள். மாவை ஒரே இடத்தில் பிசைகிறார்கள். அதை வாங்கிக்கொண்டு போய் அவரவர் வீட்டில் தேய்த்துக் காயவைத்து, மறுபடி கொண்டு வந்து கொடுக்கிறார்கள். அங்கே சரிபார்த்துத்தான் எடுக்கிறார்கள். கை ஆயிரம் இருந்தாலும் மாவு ஒன்று. அதனால்தான் எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே ருசி. நம்ம ஒன்பது பேரும் ஒன்பது அளவில் மல்லி போட்டுவிட்டு, பெரிய ஆர்டர் வரவில்லையே என்றால் எப்படி வரும்? நமக்கு அரசாங்கம் 'மதி' என்ற பெயரைக் கொடுத்திருக்கிறது, மாவட்டத் தலைநகரில் பூமாலை வணிக வளாகம் இருக்கிறது. பெயரும் இடமும் அவர்கள் தரலாம். ருசி நாம்தான் தரணும்.

நாலாவது, நமக்குள் வாங்குவது. நம்ம பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தால் முறுக்கு, அதிரசத்துக்கு டவுனுக்குப் போகிறோம். நம்ம கூட்டமைப்பில் பலகாரம் போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. பந்தல், பாத்திர வாடகை, தையல், பூ, சமையல், அழகு நிலையம், துணிப்பை, தேங்காய் எண்ணெய், ஆட்டுப்பால் சோப்பு வரைக்கும் நம்மிடம் இருக்கு. யார் என்ன செய்கிறார்கள், போன் நம்பர் என்ன என்று ஒரு நோட்டில் எழுதி ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பிரதி கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. நான் பொடி கொடுக்கப் போகிற மெஸ்ஸில், "உங்களுக்கு அப்பளம் வேணுமாண்ணே? எங்க அக்கா ஒருத்தங்க போடுறாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு என்ன நஷ்டம்? நாளைக்கு அந்த அக்கா போகிற கடையில் என் பொடியைச் சொல்லும்.

ஆனா இதில் இரண்டு விஷயம் கறாரா இருக்கணும். ஒன்று, நம்ம ஆள் என்பதற்காக மட்டமான சரக்கைச் சகித்துக்கொள்ள வேண்டாம். குறை இருந்தால் செய்தவளிடம் நேரில் சொல்லணும். அவள் காதுக்கு எட்டாமல் ஊர் பூரா சொல்லக் கூடாது. இன்னொன்று, உறுப்பினர் என்பதற்காகக் கடன் சொல்லக் கூடாது. "குழுவுக்கு வரும்போது தர்றேன்க்கா" என்று நம்ம ஆளுங்க கடன் வைத்தே மூடிய இட்லிக் கடை நம்ம ஊரிலேயே இருக்கிறது. அடுத்தவர் கடையில் ரொக்கம் கொடுக்கிற நாம், நம்ம தங்கச்சி கடையிலும் ரொக்கம் கொடுப்போம். அவளுக்கு அதை விடப் பெரிய உதவி கிடையாது.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பணம் நிலுவை. 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு நம்ம தையல் பெண்கள் பலர் துணிப்பையில் இறங்கினார்கள். அதில் ஒரு தங்கச்சிக்கு ஒரு பெரிய கடையிலிருந்து ஆர்டர் வந்தது. துணி வாங்கக் கடன், கூலிக்கு இரண்டு பெண்கள், ராத்திரி பகலாகத் தைத்துக் கொடுத்துவிட்டாள். பணம் வரவில்லை. "அடுத்த வாரம்", "முதலாளி ஊரில் இல்லை", "ஆடிட்டர் பார்க்கணும்" என்று மூன்று மாதம் போனது. கூலிப் பெண்களுக்குக் காதுத் தோட்டை வைத்துக் கொடுத்தாள். தையல் மெஷினை விற்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டுத்தான் எங்களுக்கே தெரியும். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை.

அவளிடம் உத்யம் பதிவு இருந்தது, பில் இருந்தது, சரக்கு வாங்கியதற்குக் கடையில் கையெழுத்துப் போட்ட சீட்டும் இருந்தது. அந்த மூன்றும்தான் காப்பாற்றியது. 2006ஆம் வருட குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் என்ன சொல்கிறது என்றால், பதிவு பெற்ற குறு, சிறு தொழில்காரரிடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தரணும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். இதற்கென்று புகார் மன்றம் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். இது பொருள் தயாரிக்கிறவர்களுக்கும் சேவைத் தொழிலுக்கும்தான். வாங்கி விற்கிற வியாபாரத்துக்குப் பொருந்தாது.

நாங்கள் ஆறு பேர் அவளோடு கடைக்குப் போனோம். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. பில்லையும் சட்டப் பிரிவையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டமைப்பு முத்திரையோடு கொடுத்து, "புகார் கொடுக்கிறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தோம்ணே" என்றோம். பத்து நாளில் பாதி, அடுத்த மாதம் மீதி. வட்டி கேட்கவில்லை, அசல் வந்தது. மெஷின் வீட்டிலேயே இருக்கிறது. அந்தத் தங்கச்சி இப்போது முன்பணம் வாங்காமல் துணியை வெட்டுவதில்லை.

அதனால் எல்லோரும் காகிதத்தைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். உத்யம் பதிவுக்கு ஆதார், பான் எண் இருந்தால் போதும், கட்டணமே கிடையாது. ஆயிரம் கொடு, இரண்டாயிரம் கொடு என்று எவராவது கேட்டால் கொடுக்காதீர்கள். சாப்பாட்டுப் பொருள் விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் விண்ணப்பிக்கத் தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம். காலேஜ் படிக்கிற நம்ம பிள்ளைகள் எதற்கு இருக்கிறார்கள்?

நம்ம மதுரை மாவட்டத்துப் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவை நினைத்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. பிரதமர் வாஜ்பாய் காலைத் தொட்டு வணங்கியதை எல்லோரும் பேசுகிறோம். 2019ல் பத்மஸ்ரீ கொடுத்ததையும் பேசுகிறோம். அதற்கு முன்னாடி அந்த அம்மா செய்த வேலையைப் பேசுகிறதில்லை. வயல் வேலைக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போய், எல்லோருக்குமாகக் கூலி பேசினார். "நான் வரமாட்டேன்" என்றால் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். "நாங்கள் வரமாட்டோம்" என்றால் பேச்சுக்கு உட்காருவார்கள். வியாபாரத்துக்கும் இதேதான்.

கடைசியாக ஒரு கோரிக்கை. மாதம் ஒரு நாள், இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம், தொழில் செய்கிற உறுப்பினர்கள் மட்டும் ஒன்றரை மணி நேரம் உட்காரணும். அதில் கடன், சேமிப்புப் பேச்சு வேண்டாம். ஒவ்வொருத்தரும் மூன்று விஷயம் சொல்லணும்: எனக்கு என்ன சரக்கு வேணும், என்னிடம் என்ன விற்க இருக்கு, யாரிடமிருந்து பணம் வரணும். அதை ஒரு நோட்டில் எழுதணும். போன மாதம் சொன்னது என்ன ஆச்சு என்று அடுத்த மாதம் வாசிக்கணும். இதைத் தீர்மான நோட்டில் இன்றைக்கே ஏற்றும்படி தலைவி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முக்கியமாக அந்த மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அடுத்த தடவை ஒரு தங்கச்சி மெஷினை விற்க விலை பேசுகிற வரைக்கும் நமக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.