ஆட்டம் கேட்பது எதை?



வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத பிள்ளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காற்பந்துக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியாகக் கூப்பிடப்படும் பிள்ளை அது. "இவனுக்கு எந்த விளையாட்டுங்க சரிப்பட்டு வரும்?" என்று எத்தனையோ அம்மாக்கள் கவலையோடு கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளையின் உயரத்தை அளக்குமுன், அந்த ஆட்டம் எதைக் கேட்கிறது என்று பாருங்கள்.

கூடைப்பந்தும் வலைப்பந்தும் உயரத்தைக் கேட்கும். மறுக்க மாட்டேன். ஆனால் சிறிய உடம்பையே விரும்பும் விளையாட்டுகளும் உண்டு. காற்றில் சுழல வேண்டுமானால் கச்சிதமான உடம்பு வேகமாகச் சுழலும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சீருடற்பயிற்சியில் 4 தங்கம் வென்ற அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் 142 சென்டிமீட்டர்தான். நம் சரவாக் மாநிலத்துப் பண்டலேலா ரினோங், 2012 லண்டனில் 10 மீட்டர் மேடை முக்குளிப்பில் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் மலேசியப் பெண் அவர்.

"முக்குளிப்புக் குளத்துக்கு நாங்கள் எங்கே போவோம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவற்றையே பார்ப்போம். கராத்தேவிலும் தேக்குவாண்டோவிலும் எடைப் பிரிவு இருக்கிறது. தன் எடையுள்ள பிள்ளையோடுதான் நம் பிள்ளை மோதும். சிலம்பத்தில் ஆளின் உயரத்துக்குத் தக்கபடி கோலை அளந்து எடுக்கிறார்கள். பளுதூக்குதலைப் பாருங்கள். மணிப்பூரின் மீராபாய் சானு தோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் இறங்கி, மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார்.

அடுத்து, நம் வீட்டு வாசலிலேயே ஆடுகிற பூப்பந்து. 2017 கிளாஸ்கோ உலகப் போட்டி இறுதியாட்டத்தில், 179 சென்டிமீட்டர் உயரமுள்ள பி. வி. சிந்துவை எதிர்த்து நின்றவர் ஜப்பானின் நொசோமி ஒகுஹாரா. ஏறத்தாழ ஒரு சாண் குட்டை. 110 நிமிடம் நடந்த ஆட்டம் அது. 21-19, 20-22, 22-20 என்று ஒகுஹாரா வென்றார். மேலிருந்து அடிக்க உயரம் உதவும். தாழ வரும் பந்தை எடுக்க, சட்டென்று திரும்ப, சளைக்காமல் ஓடத் தேவைப்படுவது கால்வேகமும் மூச்சும். அவை பயிற்சியில் வருபவை.

திரங்கானு டுங்குனில் பிறந்த அசிசுல்ஹஸ்னி அவாங்கை 'பாக்கெட் ராக்கெட்மேன்' என்று உலகமே அழைக்கிறது. பெரிய தொடைகளோடு வந்த ஐரோப்பிய வீரர்களுக்கு நடுவே சைக்கிள் மிதித்து, 2017இல் கெய்ரின் பிரிவில் உலக வெற்றியாளர் ஆனார். நம்மவர் கோ. சரவணன் 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றார். அந்த நீண்ட நடை அவரிடம் கேட்டது தாங்கும் வலிமையை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே வயதுப் பிரிவில்தான் ஓடுகிறார்கள். இருவருக்கும் நடுவே ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி இருக்கிறது. 1985இலேயே கனடாவின் ரோஜர் பார்ன்ஸ்லி பனி ஹாக்கி வீரர்களை ஆராய்ந்து, ஆண்டுத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அணிகளில் அதிகம் என்று காட்டினார். முந்தி வளர்ந்ததைத் திறமை என்று எண்ணித் தேர்ந்தெடுத்தோமானால், பிந்தி வளரும் திறமைசாலியைத் திடலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். பையன்கள் பலர் 14 வயதை ஒட்டித்தான் விறுவிறுவென வளர்கிறார்கள். 10 வயதில் ஒதுக்கப்பட்ட பிள்ளை 14 வயதுக்குள் பந்தைத் தொடுவதையே விட்டிருப்பான்.

பெற்றோர்களே, உங்களிடமும் உரிமையோடு சொல்கிறேன். கூடைப்பந்து ஆடினால் உயரம் கூடும் என்று நம்பி, பிடிக்காத ஆட்டத்தில் தள்ளாதீர்கள். எடைப் பிரிவுக்காக வளரும் பிள்ளையைப் பட்டினி போடவே போடாதீர்கள். வளர்த்தி குறைவென்று தோன்றினால் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போய் வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்குரிய உயரம் எட்டாதவர்கள். இதில் பரம்பரையும் இருக்கலாம், சத்துக்குறைவும் இருக்கலாம். பிள்ளையின் தட்டில் முட்டையும் மீனும் கீரையும் இருக்கிறதா என்று பார்ப்பது விளையாட்டுக்கும் முந்திய கடமை.

அதன் பிறகு இரண்டு மூன்று ஆட்டங்களைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். எந்தப் பயிற்சி முடிந்து வரும்போது "நாளைக்கும் போகலாமா?" என்று பிள்ளை கேட்கிறதோ, அதுதான் அதற்கான விளையாட்டு. மாவட்ட அணிக்குப் போகாவிட்டாலும், வளைந்து கொடுக்கும் உடம்பும் தோல்வியைத் தாங்கும் மனமும் அதற்குக் கிடைக்கும்.

இந்த ஆண்டு அணி பிரிக்கும்போது ஒன்று செய்வோம். சிறிய பிள்ளைகளை மாற்று ஆட்டக்காரர்களாக உட்கார வைக்காமல், ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர்களுக்கும் நேரம் ஒதுக்குவோம். இன்றே, இந்தப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலேயே, இதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.