மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை



எச்.ஐ.வி. சோதனை பற்றிப் பேச வந்திருக்கிறேன். வெட்கப்பட்டு எழுந்து போய்விடாதீர்கள்.

மட்டாஞ்சேரி பஜாருக்கு மூட்டை ஏற்றி வரும் ஒரு லாரி டிரைவர் என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டுவிட்டார். பிறகு பயம் வந்தது. பத்தாம் நாள் ரத்தம் சோதித்தார். சீட்டில் ‘நான்-ரியாக்டிவ்’ என்று இருந்தது. (இது நம் தமிழ் ‘நான்’ இல்லை. ஆங்கிலத்தில் ‘இல்லை’ என்று பொருள்.) நிம்மதியாக வீட்டுக்குப் போனார். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சீட்டு பொய்யா? பொய் இல்லை. ஆனால் காலத்துக்கு முந்தி வாங்கிய சீட்டு.

வீட்டில் திருடன் நுழைகிறான். ஊர் கூடிச் சத்தம் போடக் கொஞ்ச நேரம் ஆகும் அல்லவா? உடம்பும் அப்படித்தான். கிருமி நுழைந்த பிறகுதான் அதை எதிர்க்கும் பொருள் ரத்தத்தில் உண்டாகும். சாதாரணச் சோதனை திருடனைத் தேடுவதில்லை. கூடிய கூட்டத்தைத் தேடுகிறது. கூட்டம் கூட மூன்று வாரம் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். இதை ‘விண்டோ பீரியட்’, அதாவது ஜன்னல் காலம் என்கிறார்கள். ஜன்னல் என்றால் தெரிய வேண்டும். இதில் ஒன்றும் தெரியாது! நான் ‘தெரியாத காலம்’ என்றே சொல்வேன்.

சோதனையில் தெரியாவிட்டாலும் கிருமி அடுத்தவருக்குப் பரவும். அதனால் மூன்று மாதம் முடிந்து மறுபடி சோதிக்கும் வரை ஆணுறை கட்டாயம். ரத்ததானம் கூடாது. டிரைவரின் மனைவிக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

இன்னொரு முக்கியமான விஷயம். ஆபத்து நேர்ந்து 72 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், கிருமி பிடிக்காமல் தடுக்க மருந்து உண்டு. ஞாயிறு இரவு நேர்ந்தால் புதன் இரவுக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இவர்களுக்கு அடுத்த சோதனை நாளை டாக்டர் சொல்வார்.

‘உண்டு’ என்று வந்தாலும் ஒரே சோதனையில் முடிவு செய்வதில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரிந்தது 1986-இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன் சொல்லி, செல்லப்பன் நிர்மலா ரத்தம் சேகரித்தார். சென்னையில் சோதிக்க வசதி இல்லை. ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டு போனார். ஆறு பெண்களின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் தெரிந்தது. அப்போதும் மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். இன்று மூன்று விதமான சோதனை செய்து உறுதி சொல்கிறார்கள். உறுதியானால் மாத்திரை இலவசம். தினமும் சாப்பிட்டால் நெடுநாள் வாழலாம், வேலைக்குப் போகலாம்.

கேரளத்தில் சோதனை மையத்தின் பெயர் ‘ஜோதிஸ்’. எறணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. காசு வாங்க மாட்டார்கள். சோதிக்கும் முன்னும் பின்னும் தனியாக உட்கார வைத்துப் பேசுவார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இது.

பலகை மலையாளத்தில் இருந்தால், “ஜோதிஸ் எவிடெயா?” என்று கேளுங்கள். போவதற்கு முன்பே ஏதாவது கேட்க வேண்டுமானால் 1097-க்குப் போன் செய்யலாம். அதற்கும் காசு இல்லை.