கண்டல் நட்ட பெரியவர்

மேற்கே பெருங்கடலும் கிழக்கே புத்தளம் களப்புமாக, நடுவே மணல்வெளியாய் விரிந்து கிடக்கும் மாம்புரி நேயர்களுக்கு, கேரளத்துக் கண்ணூர் மாவட்டத்தில் 1937இல் பிறந்து 2015இல் மறைந்த கல்லேன் பொக்குடன் என்பவரை இன்று அறிமுகம் செய்ய விரும்புகிறேன். விவசாயக் கூலியாக ஜீவனம் நடத்திய அவர், 1989இல், ஐம்பது வயதைக் கடந்த பின்னரே, பழையங்காடி ஆற்றோரத்தில் 500 கண்டற் கன்றுகளை ஊன்றித் தம் தொண்டைத் தொடங்கினார். ஆயுள் முழுவதும் நிறுத்தவில்லை.

கண்டலின் வித்து தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட காய்போலத் தொங்கி, பக்குவம் வந்ததும் சேற்றில் விழுந்து வேர்விடும் விசித்திரம் உடையதாகையால், அம்முளைகளைச் சேகரித்து நடுவதற்குப் பொறுமையன்றி வேறு மூலதனம் வேண்டியதில்லை. அவ்வேர்களின் நடுவில்தான் இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் வளர்கின்றன. நம் மாவட்டத்திலோ இறால் பண்ணைக்காகவே கண்டலை வெட்டினார்கள். இதை விவேகமென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

ஓய்வு பெற்ற பெரியவர்களே, பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு களப்போரம் சென்று, முன்பு கண்டல் நின்ற சேற்றிலே பத்து முளைகளையேனும் ஊன்றி வையுங்கள்.